களத்துமேட்டில் ஆர்சி பந்தயம்: எங்கள் விதித்தாள் உருவான விதம்

மோட்டார் விதியைத்தான் முதலில் எழுதினோம். பழைய பாணி ஆர்சி (ரேடியோ கன்ட்ரோல்) கார்களை வைத்து மதுரையில் பந்தயம் நடத்தலாம் என்று பேச்சு வந்ததுமே, எந்தக் கார் சேரும், எது சேராது என்று ஆளுக்கொரு பட்டியலோடு வந்தார்கள். பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு, “540 மோட்டார், வெள்ளி நிறக் கூடு, திறக்கப்படாதது” என்ற ஒரு வரியை மட்டும் நோட்டில் எழுதினோம். பின்னால் வந்த விதிகள் பெரும்பாலும் அந்த வரியிலிருந்து கிளைத்தவை.

இந்தக் கார்களைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. ஜப்பானில் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனம் 1976-இல் போர்ஷே 934 காரின் சிறு மாதிரியை ரேடியோ கன்ட்ரோலில் ஓடும்படி செய்து விற்றது. மண்ணில் ஓடும் பக்கி வகைகள் அதற்குப் பிறகுதான் வந்தன. 1979-இல் சாண்ட் ஸ்கார்ச்சர், 1983-இல் ஃப்ராக், 1984-இல் கிராஸ்ஹாப்பரும் ஹார்னெட்டும், 1985-இல் நான்கு சக்கர இழுவையோடு ஹாட்ஷாட், அடுத்த ஆண்டு பூமராங். க்யோஷோ நிறுவனத்தின் ஸ்கார்பியன் 1982-இலேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் டீம் அசோசியேட்டட் 1984-இல் அலுமினியத் தட்டுச் சேசிஸோடு ஆர்சி10 காரைக் கொண்டுவந்தது. இவற்றில் பல, 2004 வாக்கிலிருந்து ஒவ்வொன்றாக மறுபதிப்பு கண்டன. இன்று கடையில் புதுப் பெட்டியாகக் கிடைக்கும் ஹார்னெட் அப்படி வந்ததுதான்.

எங்கள் கூட்டத்தில் இரண்டு வகை ஆட்கள். எண்பதுகளில் சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ அப்பாவோ சித்தப்பாவோ வாங்கி வந்து, சில மாதம் ஓடி, பேட்டரி செத்ததும் பரணில் ஏறிய காரை இப்போது இறக்கியவர்கள் ஒரு பக்கம். ஆசைப்பட்டு மறுபதிப்பை வாங்கியவர்கள் இன்னொரு பக்கம். பழைய காருக்கு நாற்பது வயது, பிளாஸ்டிக் விறைத்திருக்கும். புதிய காருக்கு உதிரி எளிதில் கிடைக்கும், பணமும் செலவழிப்பார்கள். இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்த வேண்டும் என்றால் வேகம் எங்கே உண்டாகிறதோ அங்கே கடிவாளம் போட வேண்டும். அந்த இடம் மோட்டார். 540 என்ற அளவு அன்றைக்கும் அதுதான், இன்றைக்கும் அதுதான். புதிய வெள்ளிக்கூடு மோட்டார் பழைய ஹார்னெட்டில் அப்படியே உட்காரும்.

விதி எழுதும்போது எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். களத்தில் நின்றபடி, கையில் இருக்கும் கருவியை வைத்து, இரண்டு நிமிடத்தில் சரிபார்க்க முடியாத எதையும் விதியாக எழுதக் கூடாது. சரிபார்க்க முடியாத விதி, நேர்மையானவரை மட்டும் கட்டிப்போடும். மற்றவரை விட்டுவிடும். அப்புறம் சந்தேகம் வரும், சந்தேகம் வந்தால் அடுத்த மாதம் ஆள் வரமாட்டார்கள்.

வெள்ளிக்கூடு 540 இதற்கு ரொம்பத் தோதான பொருள். அதன் பின்மூடி, தகரக் கூட்டின் நாக்குகளை மடித்து இறுக்கியது. திறந்து உள்ளே கை வைத்தால் அந்த மடிப்பில் தடம் தெரியும். கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். இரண்டாவது, வயர் எண்ணிக்கை. மோட்டாரிலிருந்து மூன்று வயர் வந்தால் அது பிரஷ்லெஸ், அதாவது கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார்; கொண்டுவந்தவர் வீட்டுக்குக் கிளம்பலாம். மூன்றாவது, சுற்று வேகம். ஒளி வைத்துச் சுற்றளக்கும் சிறு டேக்கோமீட்டர் ஒன்று வாங்கினோம். மோட்டார் அச்சில் இருக்கும் சிறு கியரான பினியனில் ஒரு துண்டு மின்னும் ஸ்டிக்கர் ஒட்டி, எல்லா மோட்டாரையும் ஒரே பவர் சப்ளையில் 5 வோல்ட்டில் சும்மா சுற்றவிட்டு எண்ணைக் குறித்துக்கொள்கிறோம். நடு அளவைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகச் சுற்றினால் அந்த மோட்டார் அன்றைக்கு ஓடாது. அதன் மேல் குற்றம் ஒன்றும் சுமத்துவதில்லை. ஒரே தொழிற்சாலையிலிருந்து வரும் மோட்டார்களிலும் ஒன்றுக்கொன்று வேறுபாடு இருக்கத்தான் செய்யும்.

தண்ணீரில் வைத்து மோட்டாரைப் பழக்குவது பற்றி நீண்ட விவாதம் நடந்தது. ஒரு டம்ளர் தண்ணீரில் மோட்டாரை மூழ்கவைத்துக் குறைந்த வோல்ட்டில் சிறிது நேரம் ஓட்டினால், கார்பன் பிரஷ், அது உரசி மின்சாரம் கொடுக்கும் செம்பு உருளையான காமுட்டேட்டரின் வளைவுக்கு ஏற்றபடி தேய்ந்து நன்றாக உட்காரும். வேகம் சற்றுக் கூடும். தடுக்க வேண்டும் என்று பாதிப் பேர். காய்ந்த பிறகு அதை யார் கண்டுபிடிப்பது? அதனால் எல்லோருக்கும் அனுமதி என்று எழுதி, செய்வது எப்படி என்று புதியவர்களுக்கும் காட்டிக்கொடுத்துவிட்டோம். முடித்ததும் நன்றாக உலர்த்தி, அச்சைத் தாங்கும் இரண்டு முனை வளையத்திலும் (புஷ்) ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். இல்லையென்றால் துரு பிடிக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் மிஞ்சும் மனக்குறைக்கு ஒரு விதி இருக்கிறது. இருப்பதிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இறுதிப் பந்தயம் முடிந்ததும், ஓடியவர்களில் யார் வேண்டுமானாலும் முதலிடம் பிடித்தவரின் மோட்டாரைப் புது மோட்டாரின் கடை விலை கொடுத்துக் கேட்கலாம். கேட்டால் கொடுத்தாக வேண்டும். கொடுக்க மறுத்தால் முதலிடம் போய்விடும். பல ஊர் கார்ப் பந்தயங்களில் இருக்கும் ஏற்பாடுதான் இது. தேடித்தேடி ஐம்பது மோட்டாரில் ஒன்றைப் பொறுக்கி எடுக்கும் வேலைக்கு இனி அர்த்தமில்லை. கடைசியாக வந்த பத்தாம் வகுப்புத் தம்பி ஒருவன் ஒருமுறை கேட்டு வாங்கினான். தோற்ற காரில் இருந்த மோட்டாரை, ஜெயித்த அண்ணன் தன் காரில் மாட்டிக்கொண்டார். அடுத்த சந்திப்பிலும் அவர்தான் முன்னால் வந்தார். வளைவில் அவர் ஆக்சிலரேட்டரை எங்கே விடுகிறார் என்பதை அந்தத் தம்பி அன்று முழுக்கக் கவனித்துக்கொண்டு நின்றான். இப்போது அவன் நடுவில் வருகிறான்.

அடுத்தது பிரிவு. மேலூர், சிவகங்கைப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயத்தில் எல்லா மாட்டையும் ஒன்றாக ஓடவிடுவதில்லை. பெரிய மாடு, நடுமாடு, பூஞ்சிட்டு என்று அளவு பார்த்துப் பிரிப்பார்கள். எங்களுக்கும் அதே தேவைதான், அந்தப் பெயர்களையே எடுத்துக்கொண்டோம். பின் அச்சு ஒரே கட்டையாக ஆடும் கிராஸ்ஹாப்பரும் ஹார்னெட்டும் பூஞ்சிட்டு. நான்கு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷனோடு, பின் சக்கரம் மட்டும் இழுக்கும் ஃப்ராக், ஸ்கார்பியன், ஆர்சி10 ஆகியவை நடுமாடு. நான்கு சக்கர இழுவையுள்ள ஹாட்ஷாட், பூமராங், ஆப்டிமா பெரிய மாடு. ஊர்க்காரர்களுக்கு இந்தப் பெயர்களைச் சொன்னவுடன் பிடிபட்டது. “பூஞ்சிட்டு எப்பப்பா விடுவீங்க?” என்று கேட்டுக்கொண்டு வந்து உட்காருகிறார்கள்.

ஆர்சி10-ஐ ஹார்னெட்டோடு சேர்க்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. 1985-இல் கலிஃபோர்னியாவின் டெல் மார் நகரில் 1/10 அளவுக் கார்களுக்கான முதல் ஆஃப்ரோடு (மண்பாதை) உலகப் போட்டி நடந்தபோது இரு சக்கர இழுவைப் பிரிவை வென்ற கார் அது. பந்தயத்துக்கென்றே பிறந்தது. ஹார்னெட், பெட்டியைப் பிரித்த சிறுவன் ஒரு மாலையில் பூட்டி ஓட்ட வேண்டும் என்று செய்தது. ஒரே மோட்டாரைப் போட்டாலும் மேடு பள்ளத்தில் இரண்டும் வேறு ஜாதி. ஹார்னெட்டின் பின்பக்கம் குதிக்கும், குதித்த நேரத்தில் சக்கரம் காற்றில் சுற்றும். அதைத் தரையில் அழுத்திவைத்து ஓட்டுவதுதான் அந்தப் பிரிவின் சுவையே.

கிராஸ்ஹாப்பர் 380 என்ற சிறிய மோட்டாரோடு வந்த கார். சேசிஸும் கியர் பாக்ஸும் ஹார்னெட்டைப் போலவே இருப்பதால் 540 போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். 380 வைத்தே ஓட்டுவேன் என்பவர்களுக்கு முன்வரிசை இடம். பழைய மெக்கானிக்கல் ஸ்பீடு கன்ட்ரோலரை இன்னும் வைத்திருப்பவர்களுக்கும் அதே முன்வரிசை. அது சர்வோ என்ற சிறு இயக்கி மோட்டார் ஒரு தகர நாக்கைத் தள்ளி மூன்று படியாக வேகம் கொடுக்கும் கருவி. பாதி வேகத்தில் ஓடும்போது மிச்ச மின்சாரம் ரெசிஸ்டரில் சூடாகப் போய்விடும், அந்தச் சூட்டில் பக்கத்து வயரின் உறை உருகும். ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் தொடுமுனைகளை மெல்லிய எமரித் தாளால் தேய்த்துத் துடைக்க வேண்டும். இத்தனை சிரமத்தையும் தாங்கிக்கொண்டு ஒருவர் அதை ஓட்டினால், முன்வரிசை கொடுப்பதுதான் மரியாதை.

பேட்டரியில் முதலில் கொள்ளளவுக்கு வரம்பு வைக்கலாம் என்றார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு பந்தயம் 5 நிமிடம். சராசரியாக 10 ஆம்பியர் இழுத்தால்கூட 830 மில்லி ஆம்பியர் மணியைச் சுற்றித்தான் செலவாகும். எண்பதுகளின் 1,200 நிக்கல் காட்மியம் பேட்டரிக்கே போதும். அதனால் கொள்ளளவு வரம்பை விட்டுவிட்டு, வோல்ட்டை மட்டும் பிடித்துக்கொண்டோம். பூஞ்சிட்டிலும் நடுமாட்டிலும் ஆறு செல் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, 7.2 வோல்ட். பெரிய மாட்டில் மட்டும் இரண்டு செல் லித்தியம் பாலிமர். கிளம்பும் முன் மல்ட்டிமீட்டரில் 8.4 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.

லித்தியத்தைக் கீழ்ப் பிரிவுகளில் தடுத்ததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, சுமை ஏறினாலும் அதன் வோல்ட் நிக்கல் அளவுக்குச் சரிவதில்லை, கடைசி நிமிடத்தில் வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது. இரண்டு, பழைய சேசிஸ்களின் பேட்டரிக் குழி உருண்டை செல்களுக்கு ஏற்ற வளைவோடு செய்தது. செவ்வகப் பெட்டி மாதிரி வரும் லித்தியம் பேட்டரி அதில் உட்காராது. உட்காரவைக்க ஆட்கள் ஹேக்ஸா பிளேடை எடுத்துக் குழியின் விளிம்பை அறுக்கிறார்கள். நாற்பது வருடம் தாங்கிய சேசிஸை ஒரு பேட்டரிக்காக அறுப்பதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. “சேசிஸை வெட்டக் கூடாது” என்பது எல்லாப் பிரிவுக்கும் பொதுவான விதி.

மெக்கானிக்கல் கன்ட்ரோலரோடு லித்தியம் எந்தப் பிரிவிலும் கூடாது. வோல்ட் குறைந்ததும் தானாக நிறுத்தும் வசதி அதில் கிடையாது. செல் ஒன்று 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி கெட்டுப்போகும், அடுத்த சார்ஜில் உப்பும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. சார்ஜ் போடும் இடம் வேப்பமரத்தடியில் தனியாக இருக்கும். லித்தியம் என்றால் மண்பானைக்குள் வைத்துத்தான் சார்ஜ். பக்கத்தில் ஒரு வாளி ஆற்றுமணல். பங்குனி வெயிலில் பூட்டிய காருக்குள் பேட்டரியை வைத்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது என்பதையும் விதித்தாளில் எழுதியிருக்கிறோம்.

ரேடியோ விஷயத்தில் சிக்கல் பழைய ஆட்களுக்குத்தான். இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்கள் ஒன்றோடொன்று மோதாமல் தாமே இடம் தேடிக்கொள்ளும். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் செட்டில் கிரிஸ்டலைப் பொறுத்து அலைவரிசை. பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஆறு நிறம். ஒரே நிறத்தில் இருவர் சுவிட்சைப் போட்டால் ஒருவர் கார் இன்னொருவர் பேச்சைக் கேட்டு வேலியில் போய் முட்டும். ஒரு பலகையில் ஆறு நிறத்துக்கும் துணி கிளிப் மாட்டியிருக்கிறோம். அந்த நிறக் கிளிப் சட்டையில் இல்லாமல் பழைய செட்டை யாரும் ஆன் செய்யக் கூடாது. அந்தக் காலத்துப் பந்தயங்களிலும் இதே முறைதான்.

இனி தரை. எங்களை அதிகம் அலையவைத்தது இதுதான், நிறையக் கற்றுக்கொண்டதும் இதில்தான்.

சிமென்ட் தரையில் கூர்முனை டயர்கள் ரப்பர் அழிப்பான்போலத் தேய்ந்துபோகின்றன. பின் டயரின் முள்ளெல்லாம் போய் மொட்டையாகிவிட்டால் மண்ணில் அது உதவாது. திருமங்கலம் பக்கம் ஒரு கரிசல் காட்டில் ஓட்டிப் பார்த்தோம். காய்ந்திருந்தால் வெடிப்பில் முன்சக்கரம் மாட்டும், ஈரமிருந்தால் டயரில் உருண்டை உருண்டையாக அப்பிக்கொள்ளும். வற்றிய கண்மாய் பார்க்க அழகாகச் சமமாக இருக்கும். வண்டல் காய்ந்து பாளம் பாளமாக எழும்பியிருப்பதால் கார் ஓடாது. போதாக்குறைக்கு மாடு குறுக்கே வரும். சரளை கலந்த செம்மண்ணில் பிடிப்பு நன்றாக இருந்தது. ஆனால் பட்டாணி அளவுக் கல் சேசிஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் சிக்கிக் கியரின் பல்லை உடைத்தது.

கடைசியில் அமைந்தது ஒத்தக்கடையைத் தாண்டி, யானைமலை தெரியும் தூரத்தில் ஒரு நெல் களம். இப்போது பெரும்பாலும் இயந்திரம் வைத்து வயலிலேயே அறுத்து அடித்துவிடுவதால் களத்துக்கு முன்னைப்போல வேலையில்லை. உரிமையாளர் பெரியவரிடம் கேட்டபோது, “ஓட்டுங்க, ஆனா களத்தைக் களமாவே திருப்பிக் கொடுக்கணும்” என்றார். தூசி பறக்கிறதே என்று நாங்கள் கவலைப்பட்டபோது வழி சொன்னதும் அவர்தான். முந்தின நாள் மாலை தண்ணீர் தெளித்து, மண் ஈரத்தை வாங்கியதும் உருட்டி, அதன் மேல் சாணியைத் தண்ணீராகக் கரைத்துத் தெளித்து விளக்குமாற்றால் இழுத்துவிட வேண்டும். காலையில் மேற்பரப்பு ஒரு தோல் கட்டியதுபோல இறுகியிருக்கும். நெல்லில் மண் ஒட்டாமல் இருக்கக் களத்தில் காலங்காலமாகச் செய்த வேலை, எங்கள் கியர் பாக்ஸையும் காப்பாற்றுகிறது. உருட்டுவதற்கு ரோலர் தேடவில்லை. 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பினால் 200 கிலோவுக்கு மேல் எடை. நான்கு பேர் தள்ளினால் போதும்.

சாணித் தண்ணீர் கெட்டியாக இருந்தால் மேலே தகடுபோல உரிந்து, டயர் பட்டதும் பெயர்ந்துவிடும். மோர் பதத்துக்குக் கரைத்து இரண்டு முறை தெளிப்பது சரியாக வருகிறது. வளைவுகளில் மூன்றாவது முறை. அங்கேதான் டயர் அதிகம் பறிக்கும்.

பாதையின் இரண்டு ஓரத்துக்கும் போர்வெல்லுக்குப் போடும் ஒரு அங்குலக் கறுப்புக் குழாய். கட்டுக்கம்பியை யு வடிவத்தில் வளைத்து இரண்டு அடிக்கு ஒன்றாக அடித்திருக்கிறோம். செங்கல் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். பழைய ஹார்னெட்டின் முன் பம்பரும் சஸ்பென்ஷன் கையும் செங்கலில் மோதினால் அன்றோடு சரி. குழாய் என்றால் கார் ஏறி மறுபக்கம் போகும், உடையாது. பாதை அகலம் 3 மீட்டர், ஒரு சுற்று ஏறத்தாழ 70 மீட்டர். நேர்ப்பாதையை 20 மீட்டருக்கு மேல் விடவில்லை. நீளமான நேர்ப்பாதையில் மோட்டார்தான் ஜெயிக்கும், வளைவில் கை ஜெயிக்கும். மேடுகள் ஒரு சாண் உயரத்துக்குள். கிராஸ்ஹாப்பரின் ஷாக்கில் எண்ணெய் கிடையாது, வெறும் ஸ்பிரிங். அதற்கு மேல் உயரம் வைத்தால் விழுந்த இடத்தில் பந்துபோலக் குதித்துக்கொண்டே இருக்கும்.

ஓட்டுபவர்கள் நிற்க டிராக்டர் டிரெய்லர். ஆறு பேர் தாராளமாக நிற்கலாம், பாதை முழுதும் தெரியும். காலை ஆறரைக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடிப்பதால், டிரெய்லரைக் களத்தின் கிழக்கு ஓரத்தில் நிறுத்துகிறோம். வெயில் முதுகில் விழும், கண் கூசாது. வேறு ஊரில் யாராவது இப்படி நடத்துவதாக இருந்தால் இந்த ஒன்றை மட்டுமாவது மறக்காமல் செய்யுங்கள்.

பத்து மணிக்கு நிறுத்துவது மோட்டாருக்காகவும்தான். பிரஷ் மோட்டார் ஓடி முடிக்கும்போது கூட்டைத் தொட முடியாத சூடு ஏறியிருக்கும். சித்திரை வெயிலில் அது ஆறுவதற்கும் நேரம் பிடிக்கும். சூட்டோடு மறுபடி ஓட்டினால் காந்தத்தின் பலமும் குறையும், பிரஷ்ஷும் சீக்கிரம் கரையும். இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் 20 நிமிட இடைவெளி கட்டாயம்.

பரணிலிருந்து இறங்கிய ஒரு பழைய ஹார்னெட்டைப் பந்தயத்துக்குத் தயார்செய்த விவரத்தையும் இங்கே எழுதிவைக்கிறேன். அதே நிலையில் கார் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதல் வேலை ஸ்க்ரூடிரைவர். டாமியா ஸ்க்ரூவின் தலை நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண நட்சத்திர ஸ்க்ரூடிரைவருக்குச் சரியாகப் பொருந்தாது, ஜப்பானின் ஜே.ஐ.எஸ் அளவு. சாதாரணத்தை வைத்துத் திருகினால் நழுவித் தலை வழுக்கையாகும். ஜே.ஐ.எஸ் ஸ்க்ரூடிரைவர் ஒன்றை வரவழைத்த பிறகே கை வைத்தோம். பூட்டும்போதும் ஒரு பழக்கம் தேவை. பிளாஸ்டிக்கில் தானே மரை வெட்டிக்கொண்டு இறங்கும் ஸ்க்ரூ இது. நேராக முறுக்கினால் புதிய மரையை வெட்டும், இரண்டு மூன்று முறையில் ஓட்டை பெரிதாகிவிடும். முதலில் இடப்பக்கம் மெதுவாகத் திருப்ப வேண்டும். ‘டக்’ என்று பழைய மரையில் இறங்குவது விரலுக்குத் தெரியும். அதன் பிறகு வலப்பக்கம். நாற்பது வருடப் பிளாஸ்டிக்குக்கு இது உயிர் காக்கும் பழக்கம்.

கியர் பாக்ஸைப் பிரித்தபோது பழைய கிரீஸ் புளிபோல இறுகி, அதில் மண் கலந்து கிடந்தது. மண்ணெண்ணெய் தொட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்தோம். பிறகு சோப்புத் தண்ணீர், நிழலில் காயவைத்தல். பற்களில் தேய்மானம் இருந்தும் முனை உடைந்தது ஒன்றுமில்லை. டிஃபரென்ஷியலின் சிறு கியர்களில் கொஞ்சம் கிரீஸ், மற்றவற்றில் விரல் நுனியால் தடவிய அளவு. நிறைய அப்பினால் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

புஷ்களுக்குப் பதில் பால் பேரிங் போடுவதை அனுமதித்திருக்கிறோம். டாமியாவின் பல கார்களில் வரும் 1150 அளவு, அதாவது உள்ளே 5, வெளியே 11, அகலம் 4 மில்லிமீட்டர், சுலபமாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு. பக்கவாட்டில் ரப்பர் மூடி உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். தகர மூடி எங்கள் தூசிக்குத் தாங்காது. மோட்டார் பொருந்தும் இடத்தில் இருந்த இடைவெளியைச் சைக்கிள் டியூபை வெட்டி அடைத்தோம். டியூபின் வளைவு கூட்டின் வளைவோடு ஒத்துப்போய் இறுக்கமாக உட்கார்ந்தது. அதற்குப் பிறகு பந்தயம் முடிந்து திறந்து பார்த்தால் உள்ளே மண் மிகக் குறைவு. விதித்தாளில் இதைப் பரிந்துரையாகச் சேர்த்திருக்கிறோம்.

பின் ஷாக்குக்கு மோட்டார் சைக்கிள் ஃபோர்க் ஆயில் ஊற்றலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஓ-ரிங் சிலிக்கான் ரப்பராக இருந்தால் பெட்ரோலிய எண்ணெயில் ஊறி உப்பிவிடும், கம்பி உள்ளே போய் வராது. சிலிக்கான் எண்ணெய் மட்டுமே ஊற்றுங்கள். சூட்டில் அதிகம் இளகாது என்பது கூடுதல் நன்மை.

உடைந்த பாகத்துக்குப் பதில் செய்துகொள்வதில் தாராளமாக இருக்கிறோம். பழையதன் வடிவமும் ஓட்டைகளின் இடமும் மாறாமல் இருந்தால் அலுமினியமோ, நைலானோ, 3டி பிரிண்ட்டோ எதுவும் சரி. ஃப்ராக்கின் முன் கை ஒன்றை லேத் பட்டறை அண்ணன் நைலான் கட்டையிலிருந்து கடைந்து கொடுத்தார், அசலைவிட உறுதியாக இருக்கிறது. சரிபார்க்க அசல் பாகத்தை அட்டையில் வரைந்து வெட்டிய அச்சுகள் ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறோம். மேலே வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

டிரைவர் பொம்மை இல்லாமல் எந்தக் காரும் ஓடாது. சிலர் இதை வீம்பு என்று நினைத்தார்கள். இந்தக் கார்களை வடிவமைத்தவர்கள் உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து ஓட்டுவதாக நினைத்துத்தான் செய்தார்கள். ஹெல்மெட்டோடு ஒரு தலை எட்டிப்பார்க்கும்போதுதான் அந்தக் கார் முழுமையாகிறது. பரணில் தலை தொலைந்துபோன கார்களுக்கு விளாச்சேரியில் கொலு பொம்மை செய்பவர் ஒருவரிடம் காகிதக் கூழில் தலை செய்யச் சொன்னோம். களிமண் என்றால் எடை கூடும், விழுந்தால் உடையும். அவர் மீசை வைத்துக் கொடுத்தார். இப்போது அசல் தலை இருப்பவர்களும் அதைக் கேட்கிறார்கள்.

பந்தய நாளின் ஒழுங்கு எளிமையானது. ஒரு ஓட்டத்தில் ஆறு கார், 5 நிமிடம், காலையில் மூன்று முறை. அதில் சிறந்த இரண்டின் புள்ளியைச் சேர்த்து இறுதி வரிசை. ஒரு ஓட்டம் முடித்தவர்கள் அடுத்த ஓட்டத்துக்கு வளைவுகளில் நின்று கவிழ்ந்த காரை நிமிர்த்திவிட வேண்டும். நிற்காமல் போனால் அவருடைய சிறந்த புள்ளி கழியும். கார் கவிழ்ந்தால் ஓட்டுபவர் டிரெய்லரிலிருந்து கத்தக் கூடாது. பேர் சொல்லிக் கத்த ஆரம்பித்தால் நிமிர்த்துபவர் பதற்றத்தில் ஓடுகிற கார் மேல் கால் வைத்துவிடுவார்.

சுற்றை எண்ண டிரான்ஸ்பாண்டர் வாங்கவில்லை. ஒரு காருக்கு ஒரு பிள்ளை, தாளில் நான்கு கோடும் குறுக்கே ஒன்றும். கூடவே முடிவுக்கோட்டை நோக்கி ஒரு செல்போனை முக்காலியில் நிறுத்தி வீடியோ. தகராறு வந்தால் மட்டும் அதைப் பார்க்கிறோம். களத்துக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் இந்த வேலைக்குப் போட்டி போடுகிறார்கள். எண்ணியவர்களுக்குக் கடைசியில் லஞ்ச்பாக்ஸ் வண்டியை ஆளுக்கு ஐந்து நிமிடம் ஓட்டக் கொடுப்போம். 1987-இல் வந்த அந்த வேன், ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும். எந்தப் பிரிவிலும் அதற்கு இடமில்லை, ஆனால் அது இல்லாத பந்தய நாளும் இல்லை.

கிளம்பும் முறையில் ஒன்றை மாற்றினோம். ஆறு காரும் ஒரே வரிசையில் நின்று கிளம்பினால் முதல் வளைவில் குவியல் ஆகிறது. இப்போது ஒன்றன்பின் ஒன்றாக ஒரு விநாடி இடைவெளியில் பெயர் கூப்பிட்டு அனுப்புகிறோம். போன சந்திப்பில் ஜெயித்தவர் இந்தச் சந்திப்பின் முதல் ஓட்டத்தில் கடைசியாகக் கிளம்புவார். ஒரு சுற்றுக்கு இவ்வளவு விநாடிக்குக் கீழே போகக் கூடாது என்று குறைந்தபட்ச நேரம் வைக்கலாம் என்ற யோசனையும் வந்தது. தாளில் கோடு போட்டு எண்ணும் பிள்ளையால் சுற்றுக்குச் சுற்று நேரம் பிடிக்க முடியாது. அதனால் அது விதியாகவில்லை.

இன்னும் முடிவாகாதது பெரிய மாடு. நான்கு சக்கர இழுவை கார்கள் எங்களிடம் கொஞ்சம்தான், ஒரு ஓட்டத்துக்குப் போதவில்லை. தற்போதைக்கு நடுமாட்டோடு சேர்த்து ஓடவிட்டுப் புள்ளியைத் தனியாக எழுதுகிறோம். ஹாட்ஷாட் வைத்திருப்பவர்கள் திண்டுக்கல்லிலும் விருதுநகரிலும் இருப்பதாகக் கேள்விப்பட்டுச் சொல்லியனுப்பியிருக்கிறோம். அவர்கள் வந்தால் மழைக்காலம் தொடங்கும் முன், ஐப்பசிக்குள் தனி ஓட்டம் வைத்துவிடலாம். அதற்குள் அந்த வண்டிகளின் சஸ்பென்ஷன் பாகங்களுக்கும் அட்டை அச்சு வெட்டிவைக்க வேண்டும். அளவெடுக்க ஒரு ஹாட்ஷாட்டை இரவல் கேட்டிருக்கிறேன்.